உரித்தெடுக்கும் வண்ணம்

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பழைய வேட்டி ஒன்று விரிந்துவிடும். ஜவ்வரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி, உப்பும் பச்சை மிளகாயும் சீரகமும் சேர்த்து, அந்த ஈர வேட்டியின்மீது கரண்டி கரண்டியாக ஊற்றி வடகம் இடுவார் என் அன்னையார். மறுநாள் வேட்டியைத் திருப்பிப் போட்டு, முதுகுப் புறத்தில் நீர் தெளித்து, வடகங்களை ஒவ்வொன்றாக உரித்தெடுப்பது பிள்ளைகளாகிய எங்கள் வேலை. தடிப்பாக ஊற்றியவை முழு வட்டமாகக் கையோடு வரும். சிக்கனமாகத் தடவியவையோ துணியைவிட்டு வர மறுத்துத் துண்டு துண்டாக நொறுங்கும். "மெல்லிசாக ஊற்றினால் அது வேட்டிக்குத்தான், நமக்கில்லை" என்பார் அன்னையார்.

நாற்பதாண்டுக் காலம் தருமபுரி மாவட்டத்துப் பள்ளிகளில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆயினும் அன்னையாரின் அந்த ஒரு வாக்கியத்துக்குள் எவ்வளவு இயற்பியல் அடங்கியிருந்தது என்பதை அறிய, என் தமக்கையின் மகன் ஒரு மோட்டார் காரைக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்த வேண்டியிருந்தது.

அது பத்தாண்டு ஓடிய சிறிய கார். கைமாறி வந்த வண்டி. வாங்கும்போது வெள்ளை நிறம். இளைஞர்களுக்கு வெள்ளை பிடிப்பதில்லை போலும். சாம்பல் நிறம் வேண்டும், அதுவும் பளபளப்பு இல்லாத, கரும்பலகை போன்ற மங்கல் சாம்பல் வேண்டும் என்று விரும்பினான். முழுதும் புதுப் பெயிண்டு அடிப்பதற்குச் செலவு மிகும். அடித்தபின் பிடிக்காவிட்டால் மீளவும் வழியில்லை. அப்போது அவனுக்கு யாரோ சொல்லியது, உரித்தெடுக்கக்கூடிய வண்ணப்பூச்சு. சாதாரணப் பெயிண்டைப் போலவே துப்பாக்கி கொண்டு பீய்ச்சலாம். உலர்ந்தால் ரப்பர்த் தோல் போல் வண்டியைப் போர்த்துக்கொள்ளும். வேண்டாத நாளில் ஒரு மூலையைக் கிள்ளி இழுத்தால் வாழைப்பழத் தோல் போல் உரிந்து வரும். உள்ளே பழைய நிறம் பழுதின்றி இருக்கும். அப்படித்தான் சொன்னார்கள். அவனும் ஒரு பட்டறையில் கொடுத்துப் பூசிக்கொண்டான்.

இரண்டு ஆண்டுகள் சென்றன. தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. காரை விற்பதென்று முடிவாயிற்று. கிருஷ்ணகிரியிலிருந்து வந்து பார்த்தவர் எஞ்சினைக் கேட்டார், டயரைத் தட்டினார், பதிவுச் சான்றை வாங்கிப் படித்தார். "சான்றில் வெள்ளை என்றிருக்கிறது, வண்டி சாம்பலாக இருக்கிறதே. வெள்ளையாக்கிக் காட்டுங்கள்; வரும் வாரம் வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிப் போய்விட்டார். அன்று மாலையே மருமகன் ஒரு மூலையைக் கிள்ளினான். வாழைப்பழத் தோல் வரவில்லை; விரல் நகத்தளவு துணுக்கு ஒன்று வந்தது. மறுநாள் காலையில் என் வீட்டுக்கு வந்தபோது அவன் கையில் சவர பிளேடு இருந்தது. "மாமா, உரிய மாட்டேன் என்கிறது. சுரண்டி எடுத்துவிடட்டுமா?" என்றான்.

பிளேடை முதலில் வாங்கி வைத்துக்கொண்டேன். பின்பு இப்பூச்சு எத்தகையது என்பதை அவனுக்கு விளக்கத் தொடங்கினேன். அதையே நேயர்களாகிய உங்களுக்கும் சொல்லுகிறேன்.

எந்த வண்ணப்பூச்சிலும் மூன்று பொருள்கள் முதன்மையானவை. நிறம் தரும் தூள் ஒன்று. அத்தூளைப் பிணைத்துப் படலமாக நிற்கும் பிசின் ஒன்று. இரண்டையும் நீர்மமாக வைத்திருந்து, பூசியபின் காற்றில் பறந்துபோகும் கரைப்பான் ஒன்று. பட்டறைகளில் தின்னர் என்று வழங்குவது இந்தக் கரைப்பானே. பூச்சின் குணம் பெரிதும் பிசினைப் பொறுத்தது. தொழிற்சாலையில் காருக்கு அடிக்கும் வண்ணத்தின் மேற்பூச்சில் உள்ள பிசின், சூளையில் ஏறத்தாழ 140 பாகை வெப்பத்தில் சுடப்படும்போது, அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து ஒரே வலையாகிவிடுகின்றன. வலையான பின்பு தின்னரால் அதைக் கரைக்க இயலாது. 2004-ஆம் ஆண்டுவரை நம் மாவட்டத்தில் இருந்து, இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அமைந்துள்ள ஓசூரின் வண்டித் தொழிற்சாலைகளைப் பார்க்கும் வாய்ப்பு உங்களில் எவருக்கேனும் கிட்டினால், பெயிண்டுப் பிரிவையும் சூளையையும் காட்டும்படி கேட்டுப் பாருங்கள். எஞ்சினைக் காட்டிலும் வியப்பூட்டுவது அது என்பது என் கருத்து.

உரித்தெடுக்கும் பூச்சின் பிசினோ செயற்கை ரப்பர் வகை. அதன் சங்கிலிகள் குறுக்கே பிணைவதில்லை. கரைப்பான் பறந்தபின் ஒன்றோடொன்று சுற்றிப் பின்னிக் கிடக்கின்றன, அவ்வளவே. மீண்டும் கரைப்பான் பட்டால் அவை நெகிழ்ந்து கலங்கும். பெட்ரோல் நிரப்புமிடத்தில் தொட்டி மூடியருகே சில துளிகள் சிந்தினால், அங்கே பூச்சு குழைந்து கறைபடுவது இதனால்தான். இது அதன் குறை. இதே குறைதான் பின்னர் எங்களுக்குக் கைகொடுத்தது. அதைப் பிறகு சொல்லுகிறேன்.

இப்படியொரு பூச்சு கார்ப் பிரியர்களுக்காகப் பிறந்ததன்று. இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தபோது அமெரிக்கக் கடற்படையிடம் நூற்றுக்கணக்கான கப்பல்கள் வேலையின்றி நின்றன. உடைக்கவும் மனமில்லை, அடுத்த போர் வரை துருப்பிடிக்காமல் காக்கவும் வேண்டும். மேல்தளத்துப் பீரங்கிகளைச் சுற்றி ஒட்டும் இழைகளைச் சிலந்தி வலை போல் பீய்ச்சி, அதன்மீது பிளாஸ்டிக் பூச்சைப் பல முறை அடித்து, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா குருணையை வைத்து மூடினர். பட்டுப்புழுவின் கூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்திலும் அதற்குக் கூடு என்னும் பொருள்பட்ட பெயரே வழங்கிற்று. வேண்டியபோது கத்தியால் கீறி உரித்தால் பீரங்கி புதிதாக வெளிவரும். பின்னர் அணுசக்தி நிலையங்களிலும் இம்முறை புகுந்தது. கதிரியக்கத் தூசு படிந்த சுவரின்மீது இத்தகைய பூச்சைப் பூசி உலரவிட்டு உரித்தால், தூசும் தோலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். 1972-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து நிறுவனம் ஒன்று பிளாஸ்டி டிப் என்ற பெயரில் விற்றுவந்த பண்டம், குறடு, திருப்புளி முதலியவற்றின் கைப்பிடியை முக்கி எடுப்பதற்கான ரப்பர்க் குழம்பு. அதைக் காரின் சக்கரத்துக்கும் பின்பு கார் முழுதுக்கும் பீய்ச்சும் வழக்கம் இந்த நூற்றாண்டில் பரவியது.

இனி, முக்கியமான கேள்விக்கு வருவோம். ஒரு படலம் உரிவதும் உரியாததும் எதைப் பொறுத்தது?

இரண்டு விசைகள் இங்கே மல்லுக்கு நிற்கின்றன. படலத்துக்கும் அடியில் உள்ள பரப்புக்கும் இடையே உள்ள பற்று ஒன்று. படலத்தின் துகள்கள் தமக்குள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் கட்டு மற்றொன்று. பற்றைவிடக் கட்டு மிகுந்தால் படலம் முழுதாக உரியும். கட்டைவிடப் பற்று மிகுந்தால் படலம் அறுந்து, பரப்பிலேயே தங்கும். நிலையாக நிற்க வேண்டிய பெயிண்டை அடிக்குமுன் பட்டறையார் உப்புத்தாள் கொண்டு தகட்டைத் தேய்ப்பதன் நோக்கம் பற்றை மிகுவிப்பதே. தேய்த்த பரப்பின் நுண்ணிய பள்ளங்களில் பெயிண்டு இறங்கி வேர்பிடித்துக்கொள்கிறது. உரிக்கும் பூச்சுக்கு இதற்கு நேர்மாறான வேலை. பரப்பு வழவழப்பாக இருத்தல் வேண்டும். உப்புத்தாள் பக்கத்திலேயே வரக்கூடாது. மெழுகும் எண்ணெயும் தூசும் போகக் கழுவினால் போதும். கழுவும் நீர் நன்னீராக இருப்பது நலம். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் கடின நீராதலின், உலர்ந்த இடத்தில் சுண்ணாம்பு வளையம் விட்டுப்போகும். அதன்மீது பூசினால் அந்த வளையமும் பூச்சில் தெரியும்.

பற்றின் கணக்கை இன்னும் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். கல்லூரி மாணவர்களுக்கு இது எளிது. ஓர் அங்குல அகல நாடாவைப் பரப்பிலிருந்து உரிப்பதற்கு வேண்டிய விசை, அதன் அகலத்தையும் பற்றின் வலிமையையும் இழுக்கும் கோணத்தையும் பொறுத்தது. நாடாவின் தடிப்பு இக்கணக்கில் வருவதே இல்லை. ஆனால் நாடா அறுந்துபோகாமல் தாங்கும் விசையோ தடிப்புக்கு நேர் விகிதத்தில் ஏறுகிறது. தடிப்பை இரு மடங்காக்கினால் உரிக்கும் விசை பெரும்பாலும் அப்படியே இருக்க, தாங்கும் விசை இரு மடங்காகிறது. ஆகவே, எவ்வளவு தடிப்பாகப் பூசுகிறோமோ அவ்வளவு எளிதாக உரியும். மெல்லிய பூச்சே நிலைத்து நின்று தொல்லை தரும். கேட்பதற்கு முரணாகத் தோன்றும் இவ்வுண்மையை நீங்கள் உள்ளங்கையிலேயே சோதிக்கலாம். மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையைக் கையின் ஒரு பக்கம் மெல்லத் தேய்த்தும், மற்றொரு பக்கம் தாராளமாகப் பூசியும் உலரவிடுங்கள். தாராளம் தோலாக உரியும். தேய்த்தது தூளாக உதிரும்.

என் அன்னையார் வடகத்தைப் பற்றிச் சொன்னது இதையேயன்றோ?

மருமகனின் காருக்கு எவ்வளவு பூசியிருந்தார்கள் என்று கேட்டேன். நான்கு லிட்டர் டப்பா ஒன்று என்றான். காகிதத்தை எடுத்துக் கணக்கிட்டோம். சிறிய காரின் வெளிப் பரப்பு ஏறத்தாழ 14 சதுர மீட்டர் எனக் கொள்ளலாம். நன்றாக உரிவதற்குப் படலம் 200 மைக்ரானை ஒட்டி இருக்க வேண்டும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் 1000-இல் ஒரு பங்கு. அவ்வளவு தடிப்புக்கு உலர்ந்த பொருள் மட்டும் 2.8 லிட்டர் தேவை. டப்பாவில் உள்ள குழம்பில் உலர்ந்து நிற்பது கால் பங்கு என்றால், சுமார் 11 லிட்டர் குழம்பு பீய்ச்சியிருக்க வேண்டும். நான்கு லிட்டரில் நின்றது ஒரு லிட்டர்; அதை 14 சதுர மீட்டரில் பரப்பினால் 70 மைக்ரான். ஒரு தலைமயிரின் தடிப்பு! பட்டறையார் செலவைக் குறைத்துக் கொடுத்ததாக அவன் மகிழ்ந்திருந்தான். வேட்டிக்கு ஊற்றிய வடகமாயிற்று.

இதற்கு மேல் இரண்டு ஆண்டு வெயில் வேறு. சித்திரை வெயிலில் நிற்கும் கருநிற வண்டியின் கூரைத் தகடு 60 பாகையைத் தாண்டிச் சுடும். சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்கள் ரப்பரின் சங்கிலிகளை அங்கங்கே துண்டிக்கின்றன. கட்டு குறைகிறது, பற்று மட்டும் நாளுக்கு நாள் இறுகுகிறது. இப்பூச்சு நிலையானது அன்று, சில ஆண்டுகளுக்குள் உரித்துவிட வேண்டியது என்பதை விற்பவர் உரக்கச் சொல்வதில்லை. ஆயுத பூசையன்று வண்டிக்கு இட்ட சந்தனமும் மஞ்சளும் குங்குமமும் அந்த மங்கல் பரப்பில் ஊறி, முன்மூடியில் மூன்று மஞ்சட் பொட்டுகளாக நின்றன. பளபளப்பான பெயிண்டாயின் ஈரத் துணியோடு போயிருக்கும்.

கணக்கு முடிந்ததும், "அப்படியானால் என்ன செய்வது, மாமா?" என்றான். "இன்னும் பூசு" என்றேன். அவன் என்னை ஐயத்தோடு பார்த்தான். உரிப்பதற்காகப் பூசுவதா? ஆம், குறுக்கே பிணையாத பிசின் என்று முன்பு சொன்னேனல்லவா? அதன்மேல் புதுக் குழம்பைப் பீய்ச்சினால், அதிலுள்ள கரைப்பான் பழைய படலத்தையும் நெகிழ்த்தி, புதியதும் பழையதும் ஒன்றாகக் கலந்து ஒரே தடித்த தோலாக உலரும். அடியிலுள்ள தொழிற்சாலை வண்ணமோ சுட்டுப் பிணைந்தது. அக்கரைப்பான் அதை ஒன்றும் செய்யாது. இரண்டு பூச்சின் குணபேதமே இந்தத் தந்திரத்தின் உயிர்.

பட்டறைக்குச் சென்றோம். ஊரைப் பெயரிட்டுச் சொல்லத் தேவையில்லை. நெடுஞ்சாலையை ஒட்டிய எத்தனையோ கொட்டகைகளில் ஒன்று. இங்கேதான், நேயர்களே, நான் வண்ணத்தை மறந்து வேறொன்றைப் பற்றிக் கவலைகொண்டேன்.

முன்பு இந்தக் காருக்குப் பூசிய இளைஞனை அழைத்தார்கள். இருபது வயதிருக்கும். தூசு வண்டியில் படியக்கூடாதென்று கதவுகளை மூடி, முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அன்று வேலை செய்தானாம். "அன்றைக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது சார், புது ஐட்டம், அந்த வாசனை அப்படி" என்று சிரித்தான். இக்குழம்பில் கரைப்பானாக டொலுயீன், ஹெக்சேன், நாப்தா போன்றவை கலந்திருப்பதுண்டு. நான்கு லிட்டர் குழம்பில் மூன்று லிட்டர் கரைப்பான். அது முழுதும் காற்றில் கலந்தது. அடைத்த கொட்டகையில் அக்காற்றை அவன் சுவாசித்தான். செய்ய வேண்டிய முறைப்படி 11 லிட்டர் பூசியிருந்தால் எட்டு லிட்டருக்கு மேல் ஆவியாகியிருக்கும்.

தலைசுற்றல் அன்றே தெளிந்துவிடும். ஹெக்சேன் செய்யும் கேடு அப்படித் தெளிவதன்று. உடலுக்குள் சென்ற ஹெக்சேனைக் கல்லீரல் வேறொரு பொருளாக மாற்றுகிறது. அது நரம்புகளின் நீண்ட இழைகளைச் சிதைக்கிறது. மிக நீளமான நரம்புகள் முதலில் கெடுமாதலால், கால்விரல்களில் மரத்துப்போதல் தொடங்கி, பின்பு கைகளுக்கு ஏறும். 1960-களில் ஜப்பானில் வீட்டுக்குள் அமர்ந்து செருப்புகளுக்குப் பசை ஒட்டிய தொழிலாளர் பலர் இவ்வாறு நடை தளர்ந்தனர். பசையில் இருந்தது ஹெக்சேன். 2000-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மோட்டார்ப் பட்டறைத் தொழிலாளரிடத்திலும் இதே நோய் கண்டறியப்பட்டது. அங்கே பிரேக்கைத் துடைக்கும் நீர்மத்தில் அது கலந்திருந்தது. கட்டிய துண்டு பெயிண்டுத் துளிகளைத் தடுக்குமேயன்றி ஆவியைத் தடுக்காது. ஆவியைத் தடுப்பது கிளர்வூட்டிய கரி அடைத்த முகமூடி. நம் தமிழ்நாட்டுத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து அருமையான கிளர்வூட்டிய கரி செய்கிறார்கள். அதன் நுண்துளைகளில் கரைப்பான் மூலக்கூறுகள் சிக்கிக்கொள்ளும். நாளடைவில் துளைகள் நிறைந்துவிடும். முகமூடிக்குள் மணம் தெரியத் தொடங்கினால் கரிக் குப்பியை மாற்றிவிட வேண்டும்.

அவனுடைய காலைப் பற்றி விசாரித்தேன். மரப்பு ஒன்றுமில்லை என்றான். என் மனம் சற்று நிம்மதியடைந்தது. ஆயினும் கரி முகமூடி வந்தபிறகே வேலை தொடங்கும் என்று சொல்லிவிட்டேன். மருமகனுக்கு ஒரு நாள் வீணாயிற்று. அவன் முகம் சுருங்கியதை நான் பொருட்படுத்தவில்லை. மறுநாள் தருமபுரியில் வாங்கிவந்தோம். கொட்டகையின் இரு புறக் கதவுகளும் திறந்தன. இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து தேங்கும். ஒரு தீப்பொறி போதும். ஆகவே மூலையில் இருந்த வெல்டிங் வேலையையும் அன்று நிறுத்தி வைத்தார்கள்.

தொடர்ந்து நான்கு கை பூசினான். ஒவ்வொரு கைக்கும் இடையே அரைமணி நேரம் ஆறவிட்டான். கண்ணாடிகளின் ஓரத்திலும் கதவு இடுக்குகளிலும் ஒட்டிய நாடாவைப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே இழுத்துவிட வேண்டும். உலர்ந்தபின் இழுத்தால் படலமும் கூடவே கிழியும். ஓர் இரவும் ஒரு பகலும் உலரவிட்டோம்.

உரிக்கும் நாள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் கூடிவிட்டனர். வெயில் ஏறிப் படலம் இளகிய பத்து மணியளவில் தொடங்கினோம். ஓரத்தை விரலால் உருட்டி எழுப்பி, இரு கைகளாலும் பற்றி, மெதுவாக இழுக்கவேண்டும்; வெடுக்கென்று இழுத்தால் பற்று மிகும். இழுக்கும் திசையும் முக்கியமானது. செங்குத்தாக இழுக்க ஒரு பங்கு விசை வேண்டுமெனில், முற்றிலும் பின்னோக்கி மடித்து இழுக்க அரைப் பங்கே போதும் என்பது எளிய கணக்கு. பரப்போடு படிந்தாற்போல் 60 பாகைச் சாய்வில் இழுத்தாலோ இரு பங்கு. மருமகன் மடித்து இழுத்தான். முன்மூடி முழுதும் ஒரே தோலாக, மஞ்சட் பொட்டு மூன்றும் உள்ளடங்க, சரசரவென்று வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன் என்பதை ஒளிப்பானேன்? வெள்ளை வண்ணம் இரண்டாண்டு வெயிலே காணாமல், வாங்கிய நாளைவிடப் பொலிவாக இருந்தது.

கூரை மட்டும் பாடு படுத்தியது. வெயில் அங்கேதான் மிகுதி. புதுப் பூச்சு வந்தும் சில இடங்களில் அடிப்படலம் தங்கிவிட்டது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் தேய்த்து, சோப்பு நீரால் கழுவி எடுத்தோம். உரித்த தோல்களைக் கூட்டி எரித்துவிடலாம் என்றான் ஒரு பையன். வேண்டாம், ரப்பர்ப் புகை நல்லதன்று என்று தடுத்து, மூட்டையாகக் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுத்தோம்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். நிறமென்ன, நம் விருப்பந்தானே என்று இளைஞர்கள் எண்ணுகிறார்கள். வண்டியைப் பதிவு செய்யும் விண்ணப்பத்திலேயே நிறம் கேட்கப்படுகிறது. பதிவுச் சான்றில் அது ஒரு விவரம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. நிறத்தை மாற்றுகிறவர் வட்டார போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்துச் சான்றில் ஏற்றிக்கொள்வதே முறை. விபத்தோ களவோ நேர்ந்தால் தேடுகிறவர் கண்ணுக்கு முதலில் படுவது எண்ணன்று, நிறமே. உரித்தெடுக்கக்கூடியது, தற்காலிகமானது என்பது ஒரு சமாதானமாகாது. சாலையில் ஓடும்போது வண்டி என்ன நிறமோ அதுதான் அதன் நிறம். இராணுவப் பச்சை பூசுவதானால் அந்த அனுமதியும் கிட்டாது. 1989-ஆம் ஆண்டு மத்திய விதிகள் அந்நிறத்தைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கென்றே ஒதுக்கியுள்ளன.

இடப்புறப் பின்கதவு கடைசியாக வந்தது. அங்கே தோல் உரிந்தபோது அதனோடு ஐந்து ரூபாய்க் காசளவு வெள்ளைப் பெயிண்டும் கழன்று வந்தது. உள்ளே இளஞ்சிவப்பாகப் பட்டி தெரிந்தது. அக்கதவு எப்போதோ நசுங்கி, டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, சூளை காணாத பெயிண்டு அடிக்கப்பட்ட கதவு! சுட்டுப் பிணையாத அந்தப் பெயிண்டைக் கரைப்பான் நெகிழ்த்திவிட்டது. தொழிற்சாலை வண்ணத்தின்மீதே இப்பூச்சைப் பூசலாம், பட்டறை வண்ணத்தின்மீது பூசுவது ஆபத்து என்பதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். கதவின் வரலாறு எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. ஒரு கீறலும் படாத வண்டி என்று சொல்லித்தான் அவனுக்கு விற்றிருந்தார்கள்.

அந்த இடத்தை மறைத்துவிடலாம் என்று பட்டறையில் ஒருவர் சொன்னார். மருமகன் சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்றான். கிருஷ்ணகிரிக்காரர் வந்து அந்தக் காசளவு இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்; கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்; பேசிய விலையில் ஐயாயிரம் ரூபாய் குறைத்தார். கல்லூரியில் பணம் கட்டக் கடைசி நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. மருமகன் சாவியைக் கொடுத்தான்.